ஜகாத் வந்து சேர்கிறது, போய்ச் சேர்கிறதா?

பாபநாசம் வட்டாரத்து ஜமாஅத் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவே உள்ள ஊர். ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி என்று சாலையோரம் மினாராக்கள் அடுத்தடுத்துத் தெரியும் பகுதி. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த ஜமாஅத்தில் உதவி பெறும் குடும்பங்கள் அதிகமில்லை. ஊரைச் சொன்னால் போதும், யார் வீடு என்று அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த ஜமாஅத் சில வருடங்களாக ஜகாத் (வருடாந்தரக் கட்டாய தர்மம்), ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்), சதக்கா (விருப்ப தர்மம்) வசூலைக் கைப்பேசிக்கு மாற்றியிருக்கிறது. அதன் பைத்துல்மால் (பொது நிதி) கணக்கு வேலையில் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கும் பக்கத்தில் தொழில்நுட்பம் நிறையச் சாதித்துவிட்டது. பணம் போய்ச் சேர வேண்டிய பக்கத்தில், அதாவது ஏழையின் வாசலில், அது செய்தது குறைவு. சில நேரம் அங்கே புதுத் தொந்தரவையும் கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் "எங்கள் பள்ளிவாசல் டிஜிட்டல் ஆகிவிட்டது" என்று மகிழ்ந்தால், ஜகாத் யாருக்காகக் கடமையாக்கப்பட்டதோ அவர்களை மறந்துவிடுவோம்.

திண்ணையிலிருந்து கியூஆர் அட்டைக்கு

ரமலான் கடைசிப் பத்து வந்தால் வசதியான வீடுகளின் திண்ணையில் பெண்கள் கூட்டம் நிற்கும். வீட்டுக்காரர் முன்கூட்டியே சின்ன நோட்டுகளாக மாற்றி வைத்திருப்பார். ஆளுக்கு இருபதோ ஐம்பதோ, சில வீடுகளில் ஒரு புடவை. கொடுத்தவருக்குக் கடமை முடிந்த நிம்மதி. வாங்கியவருக்கு அது பெருநாள் வரைக்கும் கூடக் காணாது. இப்படிச் சிதறிக் கொடுத்தால் வாங்கியவர் அடுத்த வருடமும் அதே திண்ணைக்குத்தான் வருவார் என்று ஹஜ்ரத்மார்கள் (மார்க்க அறிஞர்கள்) ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) சொல்லிச் சொல்லித்தான் டெல்டா ஊர்களில் பைத்துல்மால்கள் வேர் பிடித்தன. ஊர் ஜகாத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு குடும்பத்துக்குத் தையல் இயந்திரம், இன்னொன்றுக்குப் பெட்டிக்கடை, வேறொருவருக்குக் கடன் அடைப்பு என்று ஆளை நிமிர்த்திவிடும் அளவுக்குக் கொடுப்பதுதான் திட்டம்.

அதற்கான பணத்தில் பெரும்பங்கு சபராளிகளுடையது, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களுடையது. ஒரு தலைமுறை மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அடுத்தது துபாய், சவூதி, குவைத், புருனே என்று பரவியது. முன்பெல்லாம் ஊருக்கு வருபவர் கையில் ஒரு கவர் வரும், உள்ளே யாருக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஆனால் சிங்கப்பூரில் முயிஸ் என்ற அரசு சார்ந்த இஸ்லாமிய சமய மன்றமே ஜகாத்தை வசூலிக்கிறது. கோலாலம்பூரில் 1991 முதல் தனி ஜகாத் வசூல் மையம் இயங்குகிறது, மலேசியாவில் கட்டிய ஜகாத்துக்கு ஈடாக வருமான வரியிலும் கழிவு உண்டு. அங்கே இணையத்தில் கட்டி உடனே ரசீது பார்த்துப் பழகியவர்கள், ஊர் பைத்துல்மாலிலும் அதையே எதிர்பார்த்தார்கள். இந்தியாவில் ஜகாத்துக்கென்று அரசு அமைப்பு எதுவும் கிடையாது. ஜமாஅத்தும் தனியார் அறக்கட்டளைகளும் தாங்களாகச் செய்துகொண்டால்தான் உண்டு.

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே வருடம் நவம்பர் 8 பணமதிப்பு நீக்கம் வந்து, கடைத்தெருவை அந்தப் பக்கம் தள்ளியது. பள்ளிவாசல் மட்டும் அப்போதும் ரசீது புத்தகத்தோடுதான் இருந்தது. மாற்றியது 2020 ரமலான். ஊரடங்கில் கூட்டுத் தொழுகை இல்லை, தராவீஹ் இரவுத் தொழுகை இல்லை, நோன்புக் கஞ்சி காய்ச்சவும் வழியில்லை. துண்டு ஏந்தி வசூலிக்க ஆளும் இல்லை. அதே நேரம் கூலி வேலை நின்று, எப்போதும் கேட்காத வீடுகளும் கேட்கத் தொடங்கின. பொருளாளர் தன் சொந்த எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டார், பணம் வந்தது. அப்புறம் பள்ளிவாசல் பெயரிலேயே நடப்புக் கணக்கும் கியூஆர் அட்டையும் வந்தன.

சேமிப்புக் கணக்கு வேண்டாம், நடப்புக் கணக்கே வேண்டும் என்பதில் ஹஜ்ரத் உறுதியாக நின்றார். நடப்புக் கணக்கில் வட்டி சேராது, ஜகாத் பணத்தோடு வட்டி கலக்கும் பேச்சே எழாது. தனிநபர் கணக்கைக் கைவிட்டதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. சைபர் குற்றப் புகாரில் சிக்கிய பணம் தெரியாத ஆள் மூலம் ஒரு கணக்கில் விழுந்தால், அந்தக் கணக்கே முடக்கப்படலாம். ஊர்ப் பணம் ஒருவர் பெயரில் மாட்டிக்கொண்டால் ரமலான் முடியும்வரை மீட்க முடியாமலும் போகலாம்.

நிய்யத்தும் பெயரும்

முதல் சிக்கல் கணக்கில் பணம் விழுந்த உடனேயே தொடங்கியது. வருகிற பணம் என்ன பணம், கொடுத்தவரின் நிய்யத் (எண்ணம்) என்ன? ஜகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆனின் 9:60 வசனம் எட்டு வகையினரைச் சொல்லிவிட்டது. அதைப் பள்ளிவாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ, எல்லோரும் குடிக்கும் நோன்புக் கஞ்சிக்கோ, பாங்கு சொல்லும் மோதினார் சம்பளத்துக்கோ செலவிட முடியாது. சதக்காவாக வந்ததை எதற்கும் செலவிடலாம். பழைய ரசீதில் இதற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. யுபிஐயில் குறிப்பு எழுத இடமிருந்தும் யாரும் எழுதுவதில்லை. குறிப்பில்லாமல் வந்த பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல், அனுப்பியவரைத் தேடித் தேடி அழைத்தார்கள். கடைசியில் இரண்டு கணக்கு, இரண்டு அட்டை என்று ஆனது. பச்சை அட்டை ஜகாத்துக்கும் ஃபித்ராவுக்கும், வெள்ளை அட்டை மற்ற எல்லாவற்றுக்கும். வங்கியில் "ஒரே அமைப்புக்கு எதற்கு இரண்டு" என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். எந்தச் செயலியும் தராத தீர்வு இது. டிஜிட்டல் வசூல் தொடங்கும் எந்த ஜமாஅத்துக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அட்டையோடு, பணம் வந்ததும் சத்தமாக அறிவிக்கும் சின்ன ஒலிபெருக்கியும் வந்தது. கடைக்கு அது நல்ல சாதனம். பள்ளிவாசல் வாசலில் ஜும்ஆ முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடும் நேரத்தில் ஒருவர் கொடுத்த பத்து ரூபாயையும், அடுத்தவர் கொடுத்த ஐந்தாயிரத்தையும் அது ஊரறியச் சொன்னது. பத்து ரூபாய்க்காரர் அடுத்த வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் சிறந்தது என்கிறது 2:271. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவருக்கு மறுமையில் அர்ஷின் (இறைவனின் அரியணையின்) நிழல் உண்டு என்று ஹதீஸ். ஹஜ்ரத் அந்தப் பெட்டியை அணைத்து அலமாரியில் வைக்கச் சொன்னார்.

கொடுத்தவர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்பதில் பேச்சு நீண்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும், அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. நிர்வாகம் ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் போட ஆரம்பித்தது. தன் ரசீது எண் தன்னிடம் இருப்பதால் அவரவர் சரிபார்த்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரர் தொகை தெரியாது. இன்றுவரை இதில் குறை சொன்னவர் இல்லை.

வாங்குபவர் பெயர் விஷயத்தில் நாம் இவ்வளவு கவனமாக இல்லை. டெல்டா முழுக்கச் சுற்றும் வாட்ஸ்அப் வேண்டுகோள்களைப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் குழந்தையின் படம், தாயின் படம், ரேஷன் அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், ஜிபே எண். குமர் காரியத்துக்கு உதவி கேட்டு, கல்யாணம் ஆகப்போகும் பெண்ணின் பெயரையும் தகப்பன் பெயரையும் தெருவோடு போடுகிறார்கள். தேவையான தொகை சேர்ந்த பிறகும் அந்தப் படம் நின்றுவிடுவதில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு ஊர்க் குழுவில் வந்து விழுகிறது. அந்தப் பெண்ணின் மாமியார் வீட்டுக் கைப்பேசிக்கும் அது போகும். சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் உங்கள் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று 2:264 சொல்கிறது. இப்படிப் படம் போட்டுப் பரப்புவதும் சொல்லிக்காட்டுவதில் சேரும் என்றே நான் நினைக்கிறேன். நம் மனம் இளகுவதற்கு ஏழையின் முகம் எதற்கு? விசாரித்து உறுதிசெய்ய ஜமாஅத் இருக்கிறது, "இந்தக் குடும்பத்தை நாங்கள் அறிவோம்" என்ற அதன் ஒரு வரி போதும். இந்த ஜமாஅத் 2022க்குப் பிறகு படம் போட்ட வேண்டுகோளைத் தன் குழுவில் அனுமதிப்பதில்லை. வசூல் குறையும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். குறையவில்லை.

கடல் கடந்து வரும் பணம்

2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளை யுபிஐயில் இணைக்க வழிவிட்டது. துபாயில் இருப்பவர் ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் போனது. முதல் பட்டியலில் மலேசியாவும் குவைத்தும் இல்லாதது நம் ஊர்களுக்குப் பெரிய விடுபடல். அடுத்த மாதம், பிப்ரவரி 21 அன்று, சிங்கப்பூரின் பேநவ் என்ற பணம் அனுப்பும் முறையும் யுபிஐயும் இணைந்தன. ஆளுக்கு ஆள் அனுப்பும் வசதி மட்டும்தான் அதில் வந்தது.

எல்லாம் எளிதாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்தது. பல ஜமாஅத்துகள் இன்னும் கவனிக்காத இடம் இது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் பிறந்தது குடமுருட்டிக் கரையாக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அமைப்புக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும், பதிவு பெற்ற அமைப்பும் அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் பணிக்காக 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும். ஒரு சின்ன முஹல்லாவுக்கு இது எட்டாத உயரம்.

கவர் கொண்டுவந்த காலத்தில் யாரும் யோசிக்காத கேள்வி, பணத்துக்குத் தடயம் வந்ததும் எழுந்தது. ஜமாஅத் அட்டையின் கீழே இப்போது ஒரு வரி அச்சிட்டிருக்கிறது: "இந்தியக் குடிமக்கள் மட்டும் இக்கணக்கில் செலுத்தவும்." குடியுரிமை மாறியவர்களிடம், தங்கள் ஏழை உறவினருக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. ஆனால் உடன்பிறந்தவர், சித்தி, மாமா மக்கள் தகுதி உள்ளவர்களாக இருந்தால் கொடுக்கலாம். உறவினருக்குக் கொடுப்பதில் தர்மம், உறவைச் சேர்த்தல் என்று இரட்டை நன்மை என்பது நபிமொழி. உறவினரிடமிருந்து தனிநபர் வருடத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே பெறலாம் என்று 2022இல் விதியும் தளர்ந்தது.

செயலி கேட்காத கேள்விகள்

ஜகாத் கணிப்பான்கள் பல இருக்கின்றன. பெரும்பாலும் வளைகுடாவையும் மேற்கு நாடுகளையும் மனத்தில் வைத்துச் செய்தவை. ரொக்கம், பங்கு, தங்கம் என்று நிரப்பினால் இரண்டரை சதவீதம் காட்டும். ஆங்கில வருடக் கணக்கில் போடுபவருக்கு 2.577 என்று சரியாகத் திருத்தித் தருபவையும் உண்டு, ஏனென்றால் ஜகாத் வருடம் 354 நாள் கொண்ட பிறை வருடம்.

நகையில்தான் இடறுகிறது. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பெண் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபி மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. பாபநாசம் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி, நாகூர், காரைக்கால் போன்ற கடலோரத்தில் ஷாஃபி. இங்கே கல்யாணமாகி வந்த கடலோரப் பெண் செயலியில் முப்பது பவுனைப் போட்டுப் பார்த்துத் திகைக்கிறார். செயலி மத்ஹபு கேட்பதில்லை. ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவுக்கு நிஸாப் என்று பெயர். தங்க நிஸாப் 87 கிராம் சொச்சம், கிட்டத்தட்ட 11 பவுன். வெள்ளி நிஸாப் 612 கிராம். இரண்டின் மதிப்பும் இன்று மலைக்கும் மடுவுக்குமாக விலகி நிற்கிறது, எதை எடுப்பது என்பதை ஒரு பொத்தானில் விட்டுவிட முடியாது.

நம் மண்ணுக்கே உரிய விடுபடல் நெல். மழையும் ஆறும் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்ததில் இருபதில் ஒன்று என்பது உஷ்ரு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து வாய்க்கால் நீரில் விளைந்த நெல்லுக்கும், போர் போட்டு மோட்டார் இறைத்து எடுத்த குறுவைக்கும் கணக்கு வேறு. பாதி ஆற்று நீர், பாதி போர் நீர் என்று பாய்ந்த வயலுக்கு இன்னும் வேறு. இந்திய நிலங்களுக்கு உஷ்ரு கடமையா என்பதிலேயே உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கொடுக்க நினைக்கும் விவசாயிக்குச் செயலியில் ஒரு கட்டம் கூட இல்லை. ரமலானில் மட்டும் வசூல் நடத்தும் பைத்துல்மாலும் அறுவடைக்கு வெளியே நிற்கிறது. சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் விழும் தை, மாசியில் பச்சை அட்டையைக் களத்துப் பக்கம் கொண்டுபோனால் என்ன என்று இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல யோசனை, காலதாமதமாக வந்தது.

கணக்கில் போட்டாயிற்று, கைக்குப் போனதா?

பணம் கணக்குக்கு வருவதால், கொடுப்பதும் கணக்குக்கே போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். ரொக்கம் எண்ண வேண்டாம், சாட்சி வேண்டாம், சுத்தமான கணக்கு. முதல் ரமலானிலேயே பிரச்சினைகள் வரிசையாக வந்தன.

ஒரு பெண்ணின் கணக்கில் குழுக்கடன் தவணை தானாகப் பிடிக்க ஏற்பாடு இருந்தது. ஜகாத் விழுந்த மறுநாளே நிலுவை தவணைகள் அதை எடுத்துக்கொண்டன. கடனாளியும் எட்டு வகையில் ஒருவர்தான். ஆனால் இந்தப் பணம் அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் என்று பேசிக் கொடுத்தது, அவருக்கு அதைத் தொடவே வாய்ப்பில்லை. இன்னொருவரின் ஏடிஎம் அட்டையும் கைப்பேசியும் மகனிடம். "கணக்குல போட்டோம்னு சொல்றீங்க, எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார் அந்த அம்மா. மகன் பணத்தை எடுத்திருந்தார். மூன்றாவது பெண் இத்தாவில் இருந்தார். கணவர் இறந்து நான்கு மாதம் பத்து நாள் முடியாமல் அவர் வங்கிக்குப் போக மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பின் எண்ணைச் சொல்லவும் மனமில்லை.

ஜகாத்தில் பொருள் ஏழையின் கைக்கு, அவர் முழு உரிமையோடு செலவிடும்படி போக வேண்டும். அவர் கணக்கில் வரவு வைத்தால் உரிமை மாறிவிட்டது என்று சட்டப்படி சொல்லலாம். அவர் தொட முடியாத கணக்கு என்றால் என்ன சொல்வது? ஹஜ்ரத் இதில் ஒரு வழி வகுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்: கணக்கில் வேண்டுமா, கையில் வேண்டுமா, பொருளாக வேண்டுமா? பெண்களிடம் இதைக் கேட்கும் வேலை மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு அம்மாவிடம் போனது. பலர் கையில்தான் கேட்டார்கள். இரவில், மூடிய கவரில் கொடுக்கிறார்கள்.

தகுதி பார்ப்பதையும் இணையப் படிவத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். "தங்கம் எவ்வளவு?" என்ற கட்டத்தில் ஒருவர் மூன்று பவுன் என்று நிரப்பினார். கையில் கொஞ்சம் ரொக்கத்தையும் சேர்த்து மதிப்புப் பார்த்தால் ஹனஃபி கணக்கில் வெள்ளி நிஸாபைத் தாண்டிவிடுகிறது, படிவப்படி அவர் வாங்கத் தகுதியற்றவர். நேரில் போய்க் கேட்டபோது, அந்தச் சங்கிலி அடகுக் கடையில், மீட்க வேண்டிய கடனோ சங்கிலி மதிப்புக்கு நெருக்கமாக இருந்தது. கடனைக் கழித்தால் அவரிடம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து பேசினால் மட்டுமே தெரியவரும் விஷயம்.

ஃபித்ராவில் நேரம்தான் பிரச்சினை. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னால் பெருநாள், அங்கிருந்து சீக்கிரமே அனுப்பிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசி இருக்கும் தைரியத்தில் பிறை பார்த்த இரவு பத்து மணிக்கு மேல் அனுப்புகிறார்கள். பணத்துக்கு ஒரு நொடி போதும், ஆனால் அந்த இரவில் அதைப் பெற வேண்டிய வீட்டைத் தேடிப் போக ஆள் வேண்டும். ஜமாஅத் பழைய ஃபித்ரா கணக்கைப் பார்த்து ஒரு தொகையை முன்கூட்டியே கடனாகத் திரட்டி, கொடுப்பவர்களின் சம்மதத்தோடு 27ஆம் நோன்பிலேயே விநியோகித்துவிடுகிறது. கடைசி இரவில் வருவது அந்தக் கடனை அடைக்கிறது. ஃபித்ராவைப் பணமாகக் கொடுக்க ஹனஃபியில் இடமுண்டு என்பதால் இது நடக்கிறது. ஆளுக்கு ஒரு ஸாஉ (பழைய அரபு முகத்தல் அளவு) அரிசி என்று பிடியாக நிற்கும் கடலோர ஷாஃபி ஊர்களில், வந்த பணத்துக்கு அரிசி வாங்கி அளந்து கொடுக்கும் நேரமும் சேர வேண்டும்.

கஜா புயல் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயலில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிகள் நிலைகுலைந்தன. வெளிநாட்டிலிருந்து பணம் அன்றே வந்தது. அங்கே மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் இல்லை, ஏடிஎம் இல்லை. இங்கிருந்து அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, குடிநீர் ஏற்றிய வண்டிகள்தான் உதவின. கைப்பேசி சேர்த்த பணத்தைப் பொருளாக்கிக் கொண்டுபோக ஆள்கட்டு உள்ள ஊர்களால்தான் முடிந்தது.

பட்டியல் யார் கையில்

இப்போது நிர்வாகத்தில் ஓடும் விவாதம் உதவி பெறுவோர் பட்டியலைப் பற்றியது. வசூல் கணக்கோடு அதையும் இணையத் தாளில் ஏற்றினால், வெளிநாட்டு உறுப்பினர்களும் பார்க்கலாம், ஒரே குடும்பம் இரண்டு அமைப்புகளிடம் வாங்குவதையும் தடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளின் இணைப்பு ஒருமுறை கைமாறினால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் ஹஜ்ரத்திடமும் மதரஸா அம்மாவிடமும் கையெழுத்துப் பேரேட்டில் இருக்கட்டும், இணையத் தாளில் குடும்பத்துக்கு ஒரு எண், தேவை, கொடுத்த தொகை, தேதி மட்டும் போகட்டும் என்பது என் நிலை. இரட்டிப்பாக வாங்குவதைத் தடுக்க இரண்டு அமைப்பின் பொறுப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒருமுறை பேரேட்டைப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் பட்டியலைத் திருத்தும் வேலை தொடங்குகிறது. பச்சை அட்டைக் கணக்கில் போன வருடப் பணம் மிச்சமிருக்கிறதா என்றும் அப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜமாஅத் கொடுப்பவரின் பிரதிநிதி மட்டுமே. ஏழைக்குப் போகாமல் கணக்கில் கிடக்கும் ஒவ்வொரு ரூபாயும், அதை அனுப்பிய சபராளியின் தலையில் இன்னும் இறங்காத கடமை.